உயிரோடிருப்பவருக்கு ஓர் ஒப்பாரி

1976 பிப்ரவரி 1, ஞாயிறு

பனி. குழாயடியில் விடியுமுன்பே வரிசை. தண்ணீர் நூல் மாதிரி.

நேற்று ராத்திரி ஆட்சியைக் கலைத்துவிட்டார்களாம். கடைசி வீட்டு ஏட்டையாவின் ரேடியோவில் டில்லிச் செய்தி. எல்லாரும் குடத்தைப் போட்டுவிட்டு அவர் ஜன்னலுக்கு ஓடினோம். கேட்டு முடிந்ததும் மூன்றாவது வீட்டுக் கன்னியம்மா: "ஆட்சியக் கலைச்சா கலைச்சிகினு போறான். கொயாயக் கலைக்காம இருந்தா சரி." கண்டக்டர் மனைவி, வாய் நிற்காது. சிரித்தோம். ஏட்டையா சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமையிலும்.

நெருக்கடி நிலை வந்ததிலிருந்து மற்ற மாநிலங்களில் தேடப்படுகிறவர்கள் ஓடி வந்தது மெட்ராஸுக்குத்தான். இங்கே பிடிக்க மாட்டார்கள் என்று. இனி?

ஆபீஸ் சார் வீட்டு மாடியில் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு நல்லெண்ணெய். எனக்கு நாடா, கறுப்பு நூல்.

பிப்ரவரி 2, திங்கள்

ஆபீஸ். ஆபீஸ் என்றால் சார் வீட்டு முன்னறை, தெற்கு மாட வீதி. சார் வக்கீல். விசாரணை இல்லாமல் உள்ளே போட்டவர்களுக்காக மனுப் போடுகிறவர். அதை டைப் அடிப்பவள் நான், ஒரு வருஷமாக.

இன்று அடிக்க ஒன்றுமில்லை. கொல்லையில் காகிதம் எரியும் நாற்றம். மாமி காபி வைத்தார் (எனக்கென்று ஒரு தம்ளர், ஜன்னலோரம் தனியாகக் கவிழ்ந்திருக்கும்). பாதி மேஜை மேல் சிந்தியது.

பிறகு சார். "உக்காரும்மா. ஒரு உபகாரம்."

மாடியில் இருப்பவரை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா, பத்து நாள். வேறு ஏற்பாடு ஆகிற வரை. தேடி வந்தால் முதலில் வருவது இங்கேதான். "உங்க இடத்துல யாரும் தேட மாட்டா."

நிஜம். ஆனாலும் ஓரிடத்தில் தைத்தது. எங்கள் வீடு எங்கே என்று சார் கேட்டதே இன்றுதான்.

"அம்மாவைக் கேக்கணும் சார்." அவ்வளவுதான் வந்தது எனக்கு.

"அம்மாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியப்படாது. தெரிஞ்சவா குறையக் குறைய அவளுக்கு நல்லது."

இந்த நோட்டில் மாடியில் இருப்பவரின் பெயரை எழுத மாட்டேன். அக்கா, அவ்வளவே.

பிப்ரவரி 3, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். நர்ஸிங் ஹோம் வேலையிலிருந்து வந்து காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புருசன் எங்க?"

"பெங்களூர் ஜெயில்ல."

"இன்னா பண்ணான்?"

"பீடி சுத்தறவங்களுக்குக் கூலி கேட்டாரு. அப்புறம் டில்லியத் திட்டி நோட்டீஸ் போட்டாரு."

"அவ?"

"அவங்களும்தான். காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுத்தவங்க. போலீஸ் வர்றதுக்குள்ள கிளம்பி இங்க வந்துட்டாங்க."

அம்மா காலைத் துடைத்தாள். நிதானமாக, விரல் விரலாக. "காரம் துண்ணுவாளா?"

அதுதான் சம்மதம்.

பிறகு யோசித்தாள். எங்கள் ஸ்டோரில் ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ் வரிசை. "இந்த ஸ்டோருக்குள்ள ஒரு பூனை வந்தாலே யார் வூட்டுப் பூனைன்னு கேப்பாளுங்க." கோலார் தங்கவயலில் என் பெரியம்மா இருந்தாள், செத்து வெகு காலம். அவள் மருமகள் என்று சொல்லிவிடலாம். கன்னடம் கலந்து பேசினாலும் பொருந்தும். பெயர் ராஜம்மா. வயது முப்பத்தைந்து சரியாக இருக்கும்.

சாருக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது.

பிப்ரவரி 4, புதன்

அம்மா காலையில் குழாயடியில் ஆரம்பித்தாள், இன்று சாயங்காலம் தங்கவயலிலிருந்து தன் அக்காவின் மருமகள் வருகிறாள் என்று. கன்னியம்மா விடவில்லை.

"எதுக்கு வர்றா?"

"சும்மா. கொஞ்ச நாளு."

"புருசன வுட்டுட்டா?"

நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மா வாயிலிருந்து வந்தது: "அவன் பூட்டான். தீவாளிக்கு முன்ன. சொரங்கத்துல."

குழாயடி முழுக்க "ஐயோ." அத்துடன் கேள்வி நின்றது.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சத சொல்ட்டேன் வசந்தா. அப்போ எங்கிட்டயும் அத்தத்தான் கேட்டாங்க, நானும் இத்தத்தான் சொன்னேன். அதுக்கப்பறம் யாரும் எதும் கேக்க மாட்டாங்க." அப்பா லாரியிலிருந்து விழுந்து செத்தபோது எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு அப்போது என் இப்போதைய வயதுக்குக் கொஞ்சம் மேல்.

சாயங்காலம் நானும் அம்மாவும் தெப்பக்குளத்தங்கரையில் காத்திருந்தோம். அக்கா ஒரே ஒரு துணிப்பையுடன் வந்தார். குள்ளம், கண்ணாடி, நெற்றியில் பெரிய பொட்டு. அம்மா விஷயத்தைச் சொன்னாள். தலை நிமிராமல்.

அக்கா முதலில் சிரித்தார். "நாங்க மாலை மட்டும் மாத்திக்கிட்டோம்மா. தாலியெல்லாம் வேண்டான்னுதான் இருந்தோம். அவரோட தாயார் அழுதாங்க, அதுக்காகக் கட்டிக்கிட்டது." படியில் இறங்கிக் குளத்து நீரைத் தொட்டுப் பொட்டைத் துடைத்தார். அவர்கள் ஊர்த் தாலியான கருகமணியைத் தலைவழியாகக் கழற்றினார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள், அந்தப் பக்கம் பார்த்தபடி. வளையல் இரண்டும்.

வீடு வருகிற வரை அக்காவின் கை கழுத்தை விட்டு இறங்கவில்லை.

கருகமணி இப்போது அரிசி டின்னில், மஞ்சள் துணியில்.

பிப்ரவரி 6, வெள்ளி

இரண்டு நாளாக மூச்சிழுப்பு அக்காவுக்கு. பனி ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை லஸ் கார்னரில் வாங்கினேன், வேறு வேறு கடையில்.

ஒளிந்திருப்பது பற்றி அக்கா சொன்னவை. கேட்டதால் சொன்னார், வாய் ஓயாமல் சொல்பவர் இல்லை:

கதவைச் சாத்தாதே. சாத்தின கதவைத்தான் பார்ப்பார்கள்.
ஒரு வேலை வேண்டும், ஊர் பார்க்கிற மாதிரி. முறம் போதும்.
ரொம்ப நன்றி சொல்லாதே. வீட்டு மனுஷி சொல்ல மாட்டாள்.
போட்டோ கூடாது. கல்யாண போட்டோவைக் கூட எரித்துவிட்டாராம்.
ஒரே இடத்தில் நிறைய நாள் கூடாது. ஆனால் அடிக்கடி மாறினால் உடம்பு விட்டுப்போகும். இதற்கு வழி தெரியவில்லை.

"போலீஸ் பயம் பழகிடும் வசந்தா. ஊர்ல நான் ஒரு ஆளு. சண்டை போடுவேன், என்னோட சண்டை போடுவாங்க. இங்க நான் ஒரு சாமான். இந்த வீட்ல இருந்து அந்த வீட்டுக்குத் தூக்கி வைக்கிறாங்க. உடையாம பாத்துக்கறாங்க, இல்லேன்னு சொல்லல."

வேர்க்கடலை மடித்த காகிதத்தை இரண்டு பக்கமும் படித்தார். தங்கவயல் விதவைக்குப் படிக்கத் தெரியாது என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். நான் வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல்முதலாகப் பார்க்கிற விதவையிடம் துக்கம் கேட்காமல் இருப்பார்களா? வெள்ளிக்கிழமை ஆகாது, சனி ஆகாது என்று இத்தனை நாள் பொறுத்திருந்தார்களாம். இன்று காலை வேலையெல்லாம் முடித்து, தலையை அவிழ்த்துவிட்டு, ஏழு வீட்டுப் பெண்களும். ஏட்டையா மனைவி உட்பட.

கன்னியம்மா நேரே வந்து அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முகத்தோடு முகம் வைத்து எடுத்தாள் பாருங்கள் குரலை.

பொன்னெடுக்கப் போனவன மண்ணெடுத்து மூடினாங்க
கண்ணெடுத்துப் பாக்கலியே கைபுடிச்ச மவராசி

அவளாகவே கட்டினது. அவளுக்கு அந்த மனிதன் பெயர்கூடத் தெரியாது. மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுதார்கள், தெரிந்தது. ஐந்தாம் வீட்டுப் பாப்பாத்தி தன் பிள்ளை பெயரைச் சொன்னாள்.

அக்கா விறைத்து நின்றார். நான் பயந்தேன், அழாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று. பிறகு ஏதோ முறிகிற மாதிரி சத்தம். அவரிடமிருந்துதான். அப்படி ஒரு அழுகை நான் கேட்டதில்லை. கன்னியம்மாவே பயந்து முதுகைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். "வுடு கண்ணு, வுடு. நாங்க கீறோம் இல்ல."

மத்தியானம் கன்னியம்மா வீட்டிலிருந்து சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். அழுத வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதாம்.

அக்கா சாப்பிட்டார். கொஞ்சம் கழித்து: "எட்டு மாசத்துல எங்களுக்காக ஏகப்பட்ட தீர்மானம் போட்டாங்க. யாரும் அழல."

அம்மா ஒரு வாயும் சாப்பிடவில்லை. உயிரோடிருக்கிறவனுக்கு ஏழு வீட்டுப் பொம்பளைகள் அழுதாகிவிட்டது. அதுவும் அவள் வாயில் வந்த பொய்யால். முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள், அவர் பேருக்கு விளக்குப் போட.

"அவுரு நட்சத்திரம் இன்னா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. "சங்கத்துல கேட்டதில்லைம்மா."

அம்மாவுக்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

சார் வீட்டில் சோதனை. நான் போகும்போது முடிந்திருந்தது. மாமி அடுக்களை வாசலில்: "ஆத்தையே பொரட்டிப் போட்டுட்டா, வசந்தா. அரிசிப் பானையில கைய விட்டுத் துழாவினா. மாடியில யார் இருந்தான்னு என்னைக் கேட்டா. நேக்கென்ன தெரியும்னுட்டேன்."

சார் நாற்காலியில். டைப்ரைட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். வாசலில் எதிர்ப்புறம் ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டு.

அரிசிப் பானை என்றதும் எனக்கு எங்கள் டின் ஞாபகம்.

சார் குரலைத் தாழ்த்திச் சொன்னது: தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, அடையாறில் ஒரு ரிட்டயர்டு புரொபசர். இரண்டு பேரும் அக்காவுக்கு இடம் தருவதாக முன்பே வாக்குக் கொடுத்தவர்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும், அவர் போனால் பின்னாலேயே வருவார்கள்.

தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு எப்போதுமே ஆகாது. பால்காரனிடம் பாக்கி கேட்கக்கூட அம்மாதான்.

பிப்ரவரி 12, வியாழன்

தி.நகர். கடைக்குப் பின்னால் வீடு. முதலாளி வரவில்லை. அவர் மனைவி, கை நிறைய வளையல், திருநெல்வேலிப் பேச்சு: "வாம்மா, உக்காரு. இந்தா அல்வா தின்னு. மூத்தவளுக்கு நிச்சயம் ஆயிருக்கு, பாத்துக்கோ. வீடு பூரா ஆளு. பிறகு பாப்போம்னு வக்கீலய்யாட்ட சொல்லிரு, என்ன?" வாசல் வரை வந்து வழியனுப்பினார். கெட்டவர் இல்லை. பயம்.

அடையாறு. புரொபசர் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பி வழியாக, "அந்த அட்ரஸ் தப்பு" என்றார். நான் அட்ரஸ் எதையும் சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றே வந்தேன். ஏனோ.

அக்காவிடம் சொன்னபோது அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "போன ஜூலையில நாப்பது பேரு வா வான்னாங்க. அவங்க எல்லாரும் அப்போ நிஜமாத்தான் சொன்னாங்க" என்றார். மறுபடி முறத்தில் குனிந்தார்.

அல்வாவை அவருக்குக் கொடுத்தேன். பாதியை எனக்குத் திருப்பினார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கன்னியம்மா பேத்திக்கு வடபழனி கோயிலில் காதுகுத்து. நாங்கள் போகவில்லை. விதவையை வைத்துக்கொண்டு எப்படி, என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மத்தியானம் கன்னியம்மா வந்தாள். கூடவே ஒரு ஆள், ஐம்பது வயதிருக்கும், சந்தனப் பொட்டுடன். "எங்கண்ணன். அதும் தங்கவயல்தான். ஒரே ஊரு, ஒரு வார்த்தை ஆறுதலா பேசிட்டுப் போவட்டும்னு இட்டாந்தேன். பேசு கண்ணு, உன் ஊருக்காரன்."

அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். ஏதோ பரிசு கொண்டுவந்த மாதிரி.

அவளுக்கு அண்ணன் இருப்பது தெரியும். ஆம்பூரில் தோல் ஷாப்பில் என்றுதான் நினைத்திருந்தோம். அது வேறு அண்ணனாம்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "எந்த லைன் வீடும்மா?" அக்கா ஏதோ ஒரு பெயர் சொன்னார். "வூட்டுக்காரரு எந்தச் சொரங்கக் குழில?" அம்மா குறுக்கே விழுந்து, "அதெல்லாம் அவளுக்கு நெனப்பு வர்றாப்ல கேக்காதீங்கண்ணா" என்றாள். அவர் காபியைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்கும்போது அக்காவை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பார்வை.

போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வீட்டிலிருந்து சுவர் வழியாக அவர் குரல்: "சொரங்கத்துல ஒருத்தன் செத்தா சங்கு ஊதுவான். ஊரே வேலைய வுட்டு நிக்கும். தீவாளிக்கு முன்ன அப்பிடி ஒண்ணும் இல்ல, கன்னியம்மா. இவ எங்க ஊரே இல்ல."

இந்தப் பக்கம் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரி 16, திங்கள்

குழாயடி. நான் போனதும் பேச்சு நின்றது. என் குடத்தை யாரோ வரிசையின் கடைசியில் நகர்த்தியிருந்தார்கள்.

கன்னியம்மா அம்மாவை நேருக்கு நேர் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எக்கா. மெய்யாலுமே சொல்லு. அவ புருசன் செத்தானா?"

அம்மா குடத்தின் கழுத்தைத் தேய்த்தாள்.

"உசுரோட கீறானா?"

அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று அந்தப் பார்வை. எனக்கு சார் சொன்னது ஞாபகம்: தெரிந்தவர்கள் குறையக் குறைய நல்லது. தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அம்மா குனிந்துகொண்டாள்.

"புருசன் உசுரோட கீறான். இவ ஓடியாந்துட்டா. எவங்கூட வந்தாளோ, அவனும் வுட்டுட்டான். அதானே? தலைய அவுத்துப் போட்டுகினு அய்தோமேக்கா. எம் மாமியா செத்ததுக்குக்கூட நான் அப்டி அய்வல. பாப்பாத்தி செத்த புள்ளயச் சொல்லி அய்தா. அந்தக் கண்ணீரையெல்லாம் இன்னான்னு நெனச்சிகினே நீ? கொயாத் தண்ணின்னா?"

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதிதான் நிரம்பியிருந்தது.

சாரிடம் ஓடினேன். சார்: "நாளன்னிக்கு வரைக்கும் சமாளிங்கோ. ஒரு வழி பண்றேன்." எதிர்ப்புறத்து ஆள் இன்றும் பேப்பருடன்.

அக்கா இன்றைக்கே கிளம்பிவிடுகிறேன் என்றார். எங்கே என்று அம்மா கேட்டாள். அக்கா பையைக் கீழே வைத்தார். இழுப்பு வேறு. மாத்திரை இன்னும் நான்கு.

பிப்ரவரி 17, செவ்வாய்

சாயங்காலம் ஏட்டையா வந்தார். யூனிஃபார்ம் இல்லை, பனியனும் லுங்கியும். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், போன வருஷம் என் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க ஆபீசரிடம் அவர்தான் கூட்டிப்போனார்.

"இதோ பாரும்மா, நம்ம கன்னியம்மா எங்கூட்டுக்காரிகிட்ட வந்து சொல்லிட்டா. காலம் செரியில்ல. யாரு வூட்டுல யாரு கீறாங்கன்னு லிஸ்ட்டு கேக்குறான். நாளைக்கு இந்தப் பொண்ணு புருசன் வந்து ஸ்டோரு வாசல்ல நின்னான்னா எனக்கும் கெட்ட பேரு. ஸ்டேசனுக்கு வந்து ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும். பெரியவரு கிட்ட நானே சொல்றேன், குடும்ப சமாச்சாரம்னு. பயப்படாதே கண்ணு."

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓடிப்போன மனைவி, அவ்வளவுதான் அவர் கண்ட விஷயம்.

அம்மா: "நாளைக்குக் கூட்டியாறேன் அண்ணா." அக்கா அம்மா கையைத் தொட்டார். "இப்பவே போறேன் சின்னத்தை."

உள்ளே வந்து பையை எடுத்தார். நானும் உள்ளே போனேன். பின்பக்கம் வழி இருக்கிறது, கக்கூஸ் சந்து வழியாக, என்றேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "நான் ஓடினா உன்னையும் அம்மாவையும் கேப்பாங்க. நான் போனா என்னோட முடியும்."

கருகமணி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கொஞ்சம் யோசித்து, "அங்க போனா எப்படியும் கழட்டி எடுத்துப்பாங்க. இங்கியே இருக்கட்டும்."

அவர் செருப்பு அறுந்திருந்தது. அம்மாவுடையதைப் போட்டுக்கொண்டு போனார். ஏட்டையா முன்னால், அக்கா பின்னால். ஏழு வீட்டு வாசலிலும் ஆட்கள். கன்னியம்மா வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாத்திரையைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

ஒரு தகவலும் இல்லை. அம்மா வேலைக்குப் போகவில்லை. வெறுங்காலோடு வாசலுக்கும் உள்ளுக்கும்.

பிப்ரவரி 19, வியாழன்

ஏட்டையா. இன்று உட்காரவில்லை. முகம் கறுத்திருந்தது.

ஸ்டேஷனில் புருஷன் பெயரைக் கேட்டார்களாம். அக்கா சொல்லியிருக்கிறார், நிஜப் பெயரை. தன் பெயரையும். "நீங்க தேடற ஆளு நான்தான்" என்று அவராகவே. இந்த வீட்டுக்காரர்களிடம் பொய் சொல்லி வந்து தங்கினேன், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெங்களூரிலிருந்து ஆள் வந்து நேற்றே கூட்டிப்போயாகிவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. எம் பொண்ணு மேல ஆணை. பெரியவரு என் முதுவத் தட்டிக் குடுத்தாரு. சோறு எறங்கல." போகும்போது வாசலில் நின்று: "நீங்களும் பொய்ய நம்பி ஏமாந்தவங்க. யாரு கேட்டாலும் அத்தயே சொல்லுங்க. நானும் அத்தான் எய்தி வெச்சிருக்கேன்."

அவர் போனபின் கன்னியம்மா. உள்ளே வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு. நேற்றைய பூ தலையில் அப்படியே காய்ந்திருந்தது.

"போலீசு தேடற பொண்ணா அது?"

அம்மா தலையசைத்தாள்.

"ஓடியாந்துட்டான்னுதானே சொன்னேன். புருசன வுட்டுட்டு வந்தவன்னுதான் சொன்னேன். போலீசு தேடுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாயத் தொறப்பனா? எங்கூட்டு அட்டாலில ஏத்தி வெச்சிருப்பேனே. உங்க ரெண்டு பேருக்கும் எங்க மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அம்மாவை அல்ல.

செய்திருப்பாளா? தெரியவில்லை. செய்திருப்பாள் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் பரணில் ஏற்றியிருப்பாள் என்றும் தோன்றுகிறது. அந்த நாலு பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்களோ என்னவோ. தி.நகரும் அடையாறும் விஷயம் தெரிந்தே கதவைச் சாத்தின. இங்கே யாரிடமும் கேட்டுப் பார்க்கவே இல்லை. சாருக்குத் தோன்றவில்லை. எனக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

சார் சொன்னது: அக்கா பெங்களூர் ஜெயிலில். அவர் கணவர் அதே ஊரில் வேறு ஜெயிலில், உயிரோடுதான், நலம் என்று தகவல். மாத்திரை அனுப்ப மனுப் போட வேண்டும். டைப்ரைட்டர் இல்லாததால் கையாலேயே எழுதினேன், நான்கு பிரதி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நலம் என்ற வார்த்தையை மறுபடி சொல்லச் சொன்னாள்.

பிறகு எழுந்து தாம்பாளத்தைத் தேய்த்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். எட்டுக் கட்டு. எதற்கு என்று கேட்டேன்.

"அய்தத எடுக்கணும். உசுரோட கீறவனுக்கு அய்துட்டாங்க, அது அப்டியே நிக்கக் கூடாது. ஒவ்வொரு வூடா போயி, அவன் நல்லா கீறான், அவ சுமங்கலின்னு சொல்லி மஞ்ச குங்குமம் குடுக்கணும்."

எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்றேன். நமக்கு ஒன்றும் தெரியாது என்றல்லவா அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார், ஏட்டையாவும் அதையே.

"தெரியட்டும்."

"அப்ப நீ போ."

"நான் குடுத்தா யாரு வாங்குவா? நான் தாலியறுத்தவ. நீதான் கன்னிப் பொண்ணு."

டின்னைத் திறந்து கருகமணியை எடுத்தாள். அரிசியைத் தட்டிவிட்டுத் தாம்பாளத்தின் நடுவில் வைத்தாள்.

எட்டாவது கட்டு எங்களுக்காம், அக்கா பேரில், சாமி படத்தடியில். மீதி ஏழு வீடு. அம்மா எனக்கு நாலடி பின்னால் வந்தாள், சுவரோரமாக. புதுச் செருப்பு இன்னும் வாங்கவில்லை.

முதல் வீட்டில் தாம்பாளத்தை மட்டும் நீட்டினேன். இரண்டாவதில் வாய் திறந்தேன். "அக்காவோட வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். ஜெயில்ல. நல்லா இருக்கார்." அவ்வளவுதான் சொன்னேன், அதன்பின் ஒவ்வொரு வாசலிலும் அதையே. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். பாப்பாத்தி குங்குமத்தை எடுத்துக் கருகமணி மேல் வைத்தாள், தாலிக்கு வைக்கிற மாதிரி. கன்னியம்மா வாங்கவே வெகு நேரம் ஆயிற்று. முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து. அப்புறம் என் கையிலிருந்து தாம்பாளத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், கேட்காமலே.

கடைசி வீடு, ஏட்டையாவுடையது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் தட்டினேன். ரேடியோ நின்றது.

மறுபடி தட்டினேன்.